பின் விளக்கைப் பார்க்க ஒருவர்

கிறிஸ்தோபர் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் செட் கட்டியவர். திருகோணமலையில் பாதிப் பேர் சிரிப்பது அவருடைய கைவேலையால்தான் என்று சொன்னால் கொஞ்சம் கூடிப்போகும். கால்வாசிப் பேர் என்றால் பொருந்தும். அப்படிப்பட்டவரின் வீட்டில் சிரிக்க ஆளில்லை. மனைவி இன்பமலர் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் லதுஷா ரொறன்ரோவில். ஓர்ஸ் ஹில் வீட்டில் மிஞ்சியது அவரும், மாமனார் விட்டுப்போன பழைய ஓஸ்ரின் காரும்தான்.

உள்துறைமுகத்து உப்புக் காற்றில் அந்தக் கார் துருப்பிடித்துக்கொண்டு நின்றது. பென்சன் எடுத்த பிறகு அதைத் திருத்தத் தொடங்கினார். காரணம், லதுஷா தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தை.

"கார் ஓடுற மாதிரி வந்தா நான் வாறன் அப்பா. நிலாவெளிக் கடற்கரைக்கு அதிலயே போவம்."

மகள் போகிற போக்கில் சொன்னது. இவர் அதையே பிடித்துக்கொண்டார்.

எஞ்சின், பிரேக், பெயின்ற் எல்லாம் இரண்டரை வருடத்தில் ஒருவழியாகச் சரிவந்தன. பின் விளக்குகளின் சிவப்பு மூடிகள் மட்டும் பாக்கி. ஒன்றைக் காணவில்லை, மற்றது வெடித்திருந்தது. கொழும்பு வரை விசாரித்தும் கிடைக்கவில்லை.

"பல்லே செய்யிற எனக்கு இது ஏலாதோ?" என்று தன்னையே கேட்டார். பதில் சொல்லவும் வேறு ஆளில்லை.

வெடித்ததை ஒட்டி, பிளாஸ்டரில் அச்செடுத்தார். பிள்ளைகளின் பல் கிளிப்புக்குப் பாவிக்கிற தெளிந்த அக்ரிலிக்கில் சிவப்புச் சாயம் கலந்து, அச்சுக்குள் அமுக்கி இறுக்கி, குசினியில் சோற்றுப் பானைக்குள் வைத்து அவித்தார். தனி ஆளுக்கு அந்தப் பானை எப்படியும் பெரிது.

மூடிகள் இரண்டும் அழகாக வந்தன. ஆனால் பழையதில் இருந்தது போலவே உள்பக்கம் வரிவரியாக மேடு. முப்பத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? ஈறில் உறுத்தும் என்று கை தானாகவே அவற்றை அராவி வழுவழுப்பாக்கிவிட்டது. பூட்டிக்கொண்டு காரைக் கேற்றடிக்கு எடுத்தபோது, பக்கத்து வீட்டு றுவைஸ் ஓட்டோவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"லைற் எரியுது சேர். ஆனா குண்டுமணி அளவுக்கு ஒரு புள்ளிதான் தெரியுது. பின்னால வாறவனுக்கு விளங்காது."

வெளிச்சத்தைப் பரப்புவது அந்த மேடுகள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. காருக்கு ஏது ஈறு? தன்னைத் தானே திட்டிக்கொண்டு, அடுத்த கிழமை வேறு இரண்டு செய்தார். அரத்தைத் தூக்கி அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் செய்தார்.

பிரேக் விளக்கில் ஒரு தொல்லை உண்டு. மிதிப்பவர் முன்னால் இருக்க வேண்டும், எரிகிறதா என்று பார்ப்பவர் பின்னால் நிற்க வேண்டும். இன்பமலர் இருந்திருந்தால் நின்று பார்த்து ஒன்பது குறை சொல்லியிருப்பார். அவர் இல்லாதது அன்று கிறிஸ்தோபரை மிகவும் வாட்டியது. றுவைஸைக் கூப்பிட்டால் ஓடி வருவார். ஆனால் முதலில் லதுஷாதான் பார்க்க வேண்டும் என்று கிழவருக்குப் பிடிவாதம். பார்த்துவிட்டால் வருவதற்கு நாள் குறித்துவிடுவாள் என்று நம்பினார்.

பின்னேரம் ஆறு மணி, மகளுக்குக் காலை எட்டரை. வீடியோவில் அழைத்து, போனைக் காருக்குப் பின்னால் ஒரு கதிரையில் சாய்த்து வைத்தார். அவசரமாகப் போய் முன்னால் ஏறி பிரேக்கை மிதித்தார்.

"பிள்ளை, எரியுதோ?" என்று கத்திக் கேட்டார்.

"ஓம் அப்பா."

"ரெண்டும் எரியுதோ?"

"ஓம், ஓம். ரெண்டும் வடிவா எரியுது. சூப்பர் அப்பா."

கிறிஸ்தோபருக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கி வந்து போனைக் கையில் எடுத்தார்.

"அப்ப, எப்ப பிள்ளை வாறாய்?"

"பாப்பம் அப்பா. இந்த வருஷம் லீவு எடுக்கிறது கஷ்டம். வேலைக்கு நேரமாச்சு, பிறகு எடுக்கிறன்."

வராவிட்டாலும் பரவாயில்லை, பார்த்தாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தானும் ஒருமுறை பார்க்க ஆசை வந்தது. சீற்றுக்கும் பிரேக்குக்கும் இடையில் ஒரு தடியை முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

விளக்குகள் இருண்டு கிடந்தன.

பொனற்றைத் திறந்தார். வயர் வேலைக்காகக் காலையில் கழற்றிய பற்றரி வயர் கழற்றியபடியே தொங்கியது. திரும்பப் பூட்ட மறந்திருந்தார். இவ்வளவு நேரமும் அந்தக் காரில் எதுவும் எரிந்திருக்க வழியில்லை.

பிறகு வயரைப் பூட்டினார். பின் மதில் முழுக்கச் சிவப்பு பரவியது, இரண்டு பக்கமும் ஒரே அளவாக. இவ்வளவு நல்ல வேலையை அவர் ஆஸ்பத்திரியில்கூடச் செய்ததில்லை. கதிரையில் இருந்து அதைப் பார்த்து அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளை மறுபடியும் அழைத்தார்.

"பிள்ளை, இப்பதான் எரியுது."

"அதைத்தானே அப்பா நான் அப்பவே சொன்னனான்." பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

"ஓம் பிள்ளை," என்றார் கிறிஸ்தோபர். "நீ சொன்னனீதான். கவனமாப் போ."