லில்லியன் டீச்சர் கேட்ட கைப்பிடி அரிசி

லில்லியன் டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மலாயாவில் ஈஜோக் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் துரைக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட உண்டு. டீச்சரின் செருப்புச் சத்தத்துக்குப் பயப்படாத பிள்ளை ஒன்று கிடையாது. உலு யாம் ஊரில் தோட்டக் கணக்கு எழுதும் ஒரு கிராணிக்கு மகளாகப் பிறந்தவர். மகளை நர்ஸ் உடுப்பில் பார்க்க அப்பாவுக்குக் கொள்ளை ஆசை. ரத்தத்தைக் கண்டால் தனக்கு மயக்கம் வரும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, இவர் தோட்டப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் லோரி லோரியாக ராணுவம். நல்ல இடம் பார்த்துத்தான் வந்தார் போங்கள்!

ஆனாலும் ஐம்பத்தொன்று நல்ல வருஷம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் தேறிவிட்டார்கள். துரை மனம் குளிர்ந்து புதுக் கரும்பலகை வாங்கித் தந்தார். பக்கத்துத் தோட்டத்து வாத்தியார் அதைப் பார்ப்பதற்கென்றே சைக்கிள் மிதித்து வந்து, வயிறெரிந்து திரும்பிப் போனார். முதலாம் வகுப்பு மட்டும் காற்று வாங்கியது. வெடிச்சத்தம் கேட்கிற காலத்தில் சின்னப் பிள்ளையை எந்தத் தாய் வெளியே விடுவாள்? புது வருஷமும் இப்படியே போனால் முதலாம் வகுப்பை எடுத்துவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். அதனால் நவம்பரில் டீச்சர் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக ஏறி இறங்கினார். கெஞ்சினார், அதட்டினார், மகனை அனுப்ப மறுத்த லெட்சுமி வீட்டில் இரண்டு தரம் சண்டையே போட்டார். கடைசியில் தாய்மார்கள் தலையாட்டினார்கள். பள்ளி திறக்கும் அன்று ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி கொண்டு வரச் சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனார்.

அரிசி எதற்கென்றால், தாம்பாளத்தில் அதைப் பரப்பி, பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்க வேண்டும். அது நடக்காமல் சேர்ந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது லயத்தின் நம்பிக்கை. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டுதான் விரலைப் பிடிப்பார். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, எழுத்து வந்தால் சரி என்று யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

அவர் இல்லாத நாட்களில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்துவிட்டது. ஒரே ஒரு கேட்டு, அதற்குக் காவல். பள்ளிக்கூடமோ வேலிக்கு வெளியே, செம்மண் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு மணி அரிசிகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது, அது காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பெரட்டுக் களத்தில் தினமும் காலையில் பேர் கூப்பிடும்போது சொல்லிச் சொல்லி, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோருக்குத் தொண்டை கட்டிப் போனது. தாய்மார்களும் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டார்கள். அது காட்டுக்குப் போகிற அரிசிக்கான சட்டம். இது டீச்சர் கேட்ட அரிசி. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

பள்ளி திறந்த அன்று மண்டோரிடம் ஒரு நேரம் விடுப்புக் கேட்டு, தலை சீவிப் பொட்டு வைத்த பிள்ளைகளோடு எல்லோரும் கிளம்பினார்கள். முன்னால் வந்தவள் லெட்சுமி. கையில் மகன் செல்லையா, முந்தானையில் அரிசி முடிச்சு. கேட்டைத் தாண்டிப் பாதி ரோடு வந்துவிட்டாள். அப்போதுதான் காவலுக்கு நின்ற வீரன் என்பவன் கண்ணில் முடிச்சு பட்டது. வீரனும் அதே லயத்துக்காரன்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், இப்போது காக்கிச் சட்டையும் துப்பாக்கியுமாக நின்றான். நிறுத்தி வேலிக்குள்ளே கூட்டிப் போனான். சத்தம் கேட்டுப் போலீஸ் சார்ஜனும் வந்துவிட்டார்.

பள்ளி வாசலில் நின்ற டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். அரிசி கடத்தினால் ஜெயில். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பியிருந்தார்கள். வேலியைப் பார்த்த பிறகும் தான் கேட்ட அரிசி ஞாபகத்துக்கு வரவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார்.

யார் கொண்டு வரச் சொன்னது என்று சார்ஜன் மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சரைக் காட்டிக் கொடுக்கக் கூடாதென்று லெட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த டீச்சர் குறுக்கே வந்து நின்றார். தான்தான் சொன்னது, பிடிப்பதானால் தன்னைப் பிடியுங்கள் என்று மலாயில் படபடவென்று கொட்டினார். அரிசியில் எழுதும் வழக்கத்தையும் சொன்னார்.

சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு வீரனைப் பார்த்து, இவள் கேட்டைத் தாண்டினாளா என்று கேட்டார்.

வீரன் லெட்சுமியைப் பார்த்தான், செல்லையாவைப் பார்த்தான்.

"இன்னும் தாண்டல துவான். உள்ளதான் நின்னாங்க."

பாதி ரோடு வரை அவள் வந்ததை டீச்சர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தார். வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்நாளில் அது அபூர்வம்.

உள்ளே இருக்கும் அரிசியைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்றார் சார்ஜன். அவ்வளவுதான். டீச்சர் கேட்டுக்கு உட்புறமே பாயை விரிக்கச் சொல்லிச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். தாம்பாளம் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மடியில் ஏறி, அவரவர் அரிசியில் எழுதினார்கள்; எழுதி முடித்த அரிசியைத் தாய்மார்கள் திரும்ப முடிந்துகொண்டார்கள். ஒருவன் பயத்தில் மடியை நனைத்தே விட்டான். டீச்சர் அவனைக்கூடத் திட்டவில்லை.

கடைசியாக வீரனின் மகள் கலாவதி நின்றாள். சட்டம் தெரிந்தவன் வீரன், அதனால் வீட்டில் அரிசி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பிள்ளை வெறுங்கையோடு விழித்தது. மற்ற தாய்மார்கள் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களுக்கு வீரன் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

லெட்சுமி எழுந்து வந்தாள். முடிச்சில் மிச்சமிருந்ததைத் தாம்பாளத்தில் கொட்டினாள்.

"எழுதட்டும் டீச்சர். அவளும் நம்ம புள்ளதானே."

வீரன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். காவல்காரன் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றாலும், அன்று கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். டீச்சர் கலாவதியின் விரலைப் பிடித்து, மற்றவர்களுக்கு எழுதியதைவிடப் பெரிய 'அ' எழுதினார். அந்த வருஷம் முதலாம் வகுப்பில் உட்கார இடமில்லாமல் போகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது; மனம் நிறைந்திருந்தது.

பிறகு பிள்ளைகள் வரிசையாகக் கேட்டைத் தாண்டினார்கள். வீரன் ஒவ்வொருவர் கையையும் விரித்துப் பார்த்தான். செல்லையாவின் ஈர விரலில் நாலு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. சார்ஜன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

வீரன் குனிந்து, அந்த விரலைப் பிடித்துச் செல்லையாவின் வாய்க்குள்ளேயே வைத்தான்.

"மென்னு முழுங்கிட்டுப் போடா. அரிசி வெளிய போகக் கூடாது."