நாலு அடியா, ஐந்து அடியா

நான் ஒரு காலத்தில் விக்கெட் கீப்பராக இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்க்கிறார்கள், பிறகு மரியாதைக்காகக் கூரையைப் பார்க்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அந்த நாளிலும் என்னை அந்த இடத்தில் நிறுத்தியதற்குத் திறமை காரணமல்ல. எனக்கு ஓர் இடத்தில் நிற்க வராது. பவுண்டரிக் கோட்டில் நிறுத்தினால், பந்து வரும்போது நான் வேறெங்காவது போயிருப்பேன். ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்தினால் காணாமல் போக வழியில்லை என்று எங்கள் காப்டன் கண்டுபிடித்தார். அவர் ஆவடி ராணுவ டிப்போவில் தலைமைக் குமாஸ்தா. நான் அவருக்குக் கீழே, எதையும் தலையோடு செய்யாத குமாஸ்தா.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நெல் விளைந்த பூமியெல்லாம் கூடாரமும் தகரக் கொட்டகையுமாக ஆகியிருந்தது. எந்தெந்த தேசத்துச் சிப்பாய்களோ வந்து இறங்கினார்கள், வெயிலைப் பார்த்துத் திகைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் கிரிக்கெட் ஆடினார்கள். அவர்களிடம் தோற்பதற்கு ஓர் அணி வேண்டியிருந்தது. டிப்போவில் வேலை பார்த்த எங்களைச் சேர்த்து அப்படி ஒன்றைத் தயார் செய்தார்கள். சொந்த ஊரை விட்டு நகராமல் சர்வதேசக் கிரிக்கெட்டில் தோற்ற பாக்கியம் எங்களுக்கு உண்டு.

அப்படி ஒரு ஞாயிறு எங்கள் அணியில் ஆள் குறைந்தது. டயர் கொட்டகையிலிருந்து ஒருவனைக் கூட்டி வந்தார்கள். மேனாம்பேட்டுக்காரன், விவசாயக் குடும்பம். குடும்ப நிலத்தை முகாமுக்கு எடுத்துக்கொண்டதால், அதே முகாமில் கூலிக்கு வந்தவன். வேகனிலிருந்து இறங்கும் லாரி டயர்களைப் பலகை வழியாக உருட்டிவிடுவது அவன் வேலை. அதில் ஒரு வித்தை இருந்தது. டயர் கையை விட்டுப் போகும் கடைசி நொடியில் மணிக்கட்டால் ஒரு தட்டு. அது கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு ஞாபகம் வந்ததுபோல் இடது பக்க அடுக்குக்கோ வலது பக்க அடுக்குக்கோ திரும்பிப் போய் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பும் என்று அது திரும்புகிறவரை மேஸ்திரிக்கே தெரியாது.

கிரிக்கெட் பந்தை அவன் அன்றைக்குத்தான் முதலில் தொட்டான். கட்டைவிரலுக்கும் மடக்கிய நடுவிரலுக்கும் இடையில், அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியப்போகிறவன்போலப் பிடித்தான். அப்படிப் பிடிக்கக் கூடாது என்று காப்டன் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போட்டுவிட்டான். ஒரு மேஜர், ஊரில் பெரிய ஆட்டக்காரராம், மட்டையை ஒரு பக்கம் நீட்டினார். பந்து மறுபக்கம் போய் ஸ்டம்பைச் சாய்த்தது. மேஜர் ஆடுகளத்தைக் குனிந்து பார்த்தார், அங்கே கல் ஏதாவது இருக்கிறதா என்று. அடுத்தடுத்த மூன்று ஞாயிறுகளிலும் அதே மேஜர், அதே கதி. நாலாவது வாரம் ஆடுகளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டணத்தில் இருந்த பெரிய மனிதர்களுக்குக் கடிதம் எழுதினார்.

இதற்குள் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. மட்டைக்காரர்களுக்குத் தெரியாத பந்து எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவர்களை ஏமாற்றிய பந்து என்னையும் ஏமாற்றிவிட்டு, பின்னால் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் போய்த் தொட்டது. அவன் எடுத்த விக்கெட்டுகளுக்குச் சமமாக, மட்டையில் படாத பந்தை நான் விட்டதால் எதிரிக்குப் போகும் ‘பை’ ரன்கள் ஏறின. ஆனால் இரண்டு மாதத்தில் நிலைமை மாறிவிட்டது. நான் அவனைக் கண்டுபிடித்துவிட்டேன்.

கை கால் சும்மா இருக்காதவர்களுக்கு எண்ணுகிற வியாதி ஒன்று உண்டு. அம்பத்தூரிலிருந்து ஆவடிவரை ரயிலில் தந்திக் கம்பங்களை எண்ணுவேன். போகும்போது ஒரு தொகை வரும், திரும்பும்போது வேறு தொகை வரும், அதனால் மறுநாளும் எண்ணுவேன். அப்படித்தான் அவன் ஓடி வரும் அடிகளையும் எண்ணினேன். நாலு அடி வைத்து வந்தால் பந்து மட்டைக்காரரை விட்டு வெளியே திரும்பும். ஐந்து அடி வைத்து வந்தால் உள்ளே வரும். சிப்பாய்கள் எல்லாம் அவன் விரலையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் காலைப் பார்த்தேன். ஆப்பிள் விழுந்ததைப் பார்த்தவன் தனியாக இருந்தான் என்றுதானே சொல்கிறார்கள். அவனிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. தன் காலைப் பற்றிக் கவனம் வந்துவிட்டால் அவனுக்கு நடையே தடுமாறும் என்று நினைத்தேன். என் பை ரன்கள் குறைந்தன. எனக்கு மதிப்பு வந்தது.

யுத்தம் முடிந்தது. கப்பலுக்குக் காத்திருந்த வெளிநாட்டு ராணுவ ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஓர் அணி கிளம்பி, ஊர் ஊராக ஆடிக்கொண்டு வந்தது. சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணியோடு ஒரு மாட்ச், அதற்கடுத்து பம்பாயில் அகில இந்திய அணியோடு. மேஜரின் தயவாலும் நகரத்தில் ஒரு பரீட்சை ஆட்டத்தில் எடுத்த விக்கெட்டுகளாலும் மேனாம்பேட்டுக்காரன் தென்னிந்திய அணிக்குள் வந்துவிட்டான்.

அதே மாதம் டிப்போவில் ஆட்குறைப்புப் பட்டியல் ஒட்டினார்கள். யுத்தம் இல்லையென்றால் டயர் எதற்கு? அவன் பெயர் அதில் இருந்தது. திரும்பிப் போக நிலமும் இல்லை. ஆனால் கிரிக்கெட் அணி வைத்திருந்த ஒரு பட்டணத்துக் கம்பெனிக்காரர், இந்த மாட்சில் விக்கெட் எடுத்தால் வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று நாள் ஆட்டம், அதில் அவன் கைக்குப் பந்து வரும் ஒன்றிரண்டு மணி நேரம். அவனும் அவன் பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நான் என் பேனாவை எடுத்தேன்.

ஓர் ஆங்கில தினசரியில், ஓய்வு பெற்ற துரை ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆவடியிலிருந்து வந்திருக்கும் ஆள் தற்செயலாக நேர்ந்த ஒரு விபத்து, நல்ல மட்டைக்காரர்களிடம் அரை மணி தாங்கமாட்டான் என்று. எனக்கு ரத்தம் கொதித்தது. ரத்தம் கொதித்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அவன் விபத்தல்ல, அவனுடைய முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, கண்ணுள்ளவர்கள் காணலாம் என்று தொடங்கி, நடுவில் ஒரு லத்தீன் தொடரைச் சொருகி, அந்த ஒழுங்கு என்ன என்பதையும் விளக்கிவிட்டேன். நாலு, ஐந்து, எல்லாம். கீழே ‘ஸ்டம்புகளுக்குப் பின்னால் நிற்பவன்’ என்று கையெழுத்து. அந்தப் பத்திரிகை அதற்கு முன் என்னுடைய பதினோரு கடிதங்களைப் போடாமல் விட்டிருந்தது. அந்த நம்பிக்கையில் தபாலில் சேர்த்தேன்.

மாட்ச் தொடங்கும் காலையில் போட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தை வெட்டவில்லை, லத்தீன் உள்பட.

அம்பத்தூர் ஸ்டேஷனில் அதைப் பார்த்ததும் கையிலிருந்த காபி தம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கடையிலிருந்த நாலு பிரதிகளையும் வாங்கிக் கைக்குள் சுருட்டினேன். வெளிநாட்டுக் காப்டன் பேப்பர் வாங்க அம்பத்தூருக்கு வரப்போவதில்லை என்பது ரயில் நகர்ந்த பிறகுதான் உறைத்தது. வில்லிவாக்கம்வரை நின்றேன். பெரம்பூர்வரை உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், ஐயாவுக்கு மூலமா என்று பரிவோடு விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையை விளக்குவதைவிட இது சுலபமாக இருந்தது.

மைதானத்தில் காவல்காரன் ஆட்டக்காரர்களின் பக்கம் விடவில்லை. வேலியோரமாக இப்படியும் அப்படியும் நடந்தேன். கடைசியில் மேனாம்பேட்டுக்காரனே என்னைப் பார்த்துவிட்டு வந்தான். புது வெள்ளைச் சட்டை, யாருடையதோ பூட்ஸ்.

“இன்னா அண்ணாத்தே, மூஞ்சி இப்டி கீது? ஊட்ல எல்லாம் சொகந்தானே?”

நான் பேப்பரைப் பிரித்துக் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. லத்தீனை விட்டுவிட்டேன்.

அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினான். பிறகு, “நாலுன்னா வெளியே, அஞ்சுன்னா உள்ளே. அப்டியா எழுதிகீறே?” என்றான்.

“ஆமாம்.”

“எல்லாம் படிச்சிருப்பாங்களா?”

“படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் படிச்சிருப்பாங்க.”

“சரி, நீ நெழலா பாத்து ஒக்காரு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

வெளிநாட்டார் முதலில் ஆடினார்கள். நன்றாகவும் ஆடினார்கள். நான் உட்காரவில்லை. மைதானத்தைச் சுற்றி நடந்தேன், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பட்டாணி விற்பவன் என்னைப் புது வாடிக்கைக்காரனாக நினைத்துக் கூப்பிட்டான். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் மேனாம்பேட்டுக்காரன் கையில் பந்தைக் கொடுத்தார்கள். பீல்டர்கள் இடம் மாறும்போது மட்டைக்காரர் எதிரே இருந்தவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன். விடை தெரிந்து பரீட்சைக்குப் போகிறவனின் சிரிப்பு. நல்ல ஆங்கிலத்தில் அந்த விடையை எழுதிக் கொடுத்தவன் நான்.

அவன் ஓடி வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மட்டைக்காரரின் உதடு அசைவது எனக்கே தெரிந்தது. வெளியே போகும் பந்துக்குக் காலை அழகாகத் தூக்கி வைத்தார். பந்து உள்ளே வந்து நடு ஸ்டம்பைப் பிடுங்கியது.

அடுத்தவர் வந்தார். ஐந்து அடி. பந்து வெளியே போனது, மட்டையின் ஓரத்தைத் தொட்டு. கீப்பர் அலட்டிக்கொள்ளாமல் பிடித்தார். சரி, தலைகீழாக மாற்றிவிட்டான் என்று புரிந்துகொண்டேன். மூன்றாவது ஆளும் புரிந்துகொண்டார். அவருக்கு நாலு அடி வந்து, நான் எழுதியபடியே வெளியே திருப்பினான். அதன் பிறகு ஒரு தடவை மூன்றே அடி. அதற்கு என் கடிதத்தில் சட்டமே கிடையாது. இன்னொரு தடவை ஏழு அடி வந்தான், அந்த மட்டைக்காரர் எண்ணி முடிப்பதற்குள் பந்து அவரைத் தாண்டியிருந்தது. விரலை எவனும் பார்க்கவில்லை. எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஏழு பேர் ஆட்டமிழந்தார்கள்.

கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அவன் குடும்பம் பிழைத்ததே என்ற சந்தோஷத்துக்கு நடுவில், என் கண்டுபிடிப்பு இப்படிச் சிதறுகிறதே என்று ஒரு சின்ன வருத்தமும் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை பம்பாய்க்குப் போகிறவர்களின் பட்டியலை வாசித்தார்கள். அதில் அவன் இருந்தான். கம்பெனிக்காரர் எல்லோர் எதிரிலும் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவன் என்னோடுதான் ரயிலில் திரும்பினான், மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. கொரட்டூர் தாண்டுகிறவரை நான் கேட்காமல் இருந்ததே ஆச்சரியம்.

“ஒரே நாளிலே நடையை எப்படி மாத்தினே? இத்தனை நாள் பழக்கமாச்சே.”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: “பழக்கம் இன்னா பழக்கம். அது ஒனக்கோசரம் வெச்ச கணக்கு அண்ணாத்தே. நீ பந்தை உட்டுகினே இருந்தே. வாயால சொன்னா கோச்சிக்குவே, படிச்சவன். அதான் காலால சொன்னேன்.”

நான் கொஞ்ச நேரம் தந்திக் கம்பங்களைப் பார்த்தேன். எண்ணவில்லை. பிறகு, இருக்கிற மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று, “இந்த மாட்ச் கீப்பருக்கு என்ன கணக்கு வெச்சே?” என்றேன்.

“அவருக்கு ஒண்ணும் வெக்கல. அவரு கையைப் பாத்துகினே புட்ச்சிட்டாரு.”

வண்டி அம்பத்தூரில் நின்றது. இருவரும் இறங்கினோம். அவனுக்கு மேனாம்பேட்டுக்கு ஒரு வழி, எனக்கு வேறு வழி. பிரியும்போது, பம்பாய் ஆட்டத்துக்கும் பேப்பரில் ஒன்று எழுதச் சொன்னான். இந்தக் கேலி எனக்குத் தேவைதான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

“என்னத்தை எழுதறது?” என்றேன்.

“இன்னா வேணா எழுது. நீ நெசம்னு நம்பிகினு எழுதணும். அவ்ளோதான்.”

இரண்டு நாள் முயன்றேன். காகிதம் கிழித்ததுதான் மிச்சம். அவனைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவன் எந்தக் கடிதமும் இல்லாமலே பம்பாய்க்குப் போய், அங்கே ஐந்து பேரை வீழ்த்தினான். அடுத்த ஞாயிறு ஆவடியில் எங்கள் அணிக்கு வேறொருவன் பந்து போட்டான், நேராக, யாருக்கும் புரியும்படி. நான் எல்லாவற்றையும் பிடித்தேன். காப்டன் பாராட்டினார்.