தங்க இடமில்லாத கொழுப்பு

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் சுமலதாவுக்கோ அந்த வாயைக் கிழித்தே போடலாம் போலிருக்கும். பிறந்ததிலிருந்தே கன்னம் ஒட்டி, கை நரம்பெல்லாம் புடைத்த உடம்பு அவளுக்கு. 'பெத்ததுக்குச் சோறு போடாத மகராசி' என்று அவள் அம்மா அமிர்தவல்லிக்குத்தான் பேர்.

சோறு போடாதவளா? மூன்று ஆள் சோற்றைத் தின்றும் அடங்காத பசி சுமலதாவுக்கு. தேறட்டும் என்று அம்மா நெய்யும் கடலை உருண்டையுமாகத் திணித்துத் திணித்து, இருபது வயதில் சர்க்கரை வந்தது, ஈரல் வீங்கியது. புதுச்சேரி டாக்டரம்மாதான் உடைத்துச் சொன்னார். உடம்பில் கொழுப்பை உருவாக்கித் தோலுக்கடியில் சேர்த்துவைக்க ஒரு நொதி வேண்டுமாம்; இவளுக்கு அது பிறவியிலேயே வேலை செய்யவில்லை. தங்க இடமில்லாத கொழுப்பு ரத்தத்திலும் ஈரலிலும் போய் ஏறுகிறது. அம்மா, அப்பா இருவரிடமும் குறை ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு இப்படி வரும். அமிர்தவல்லி கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை.

பட்டும் புத்தி வந்ததா? போன வெள்ளிக்கிழமை அம்மாவின் தம்பி ஜெயராமன், மகன் சேரனையும் கூட்டிக்கொண்டு, உரிமையோடு பெண் கேட்டுத் தட்டுடன் வந்துவிட்டார். அவர் மனைவி குஞ்சம்மாள் சுமலதாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "மூணு மாசம் நெய்ய ஊத்துங்க அண்ணி, கல்யாணத்துக்குள்ள தேறிடுவா" என்றாள்.

சுமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த நெய்யிதான் என்னைக் கொல்லுது அத்தை. மொதல்ல சேரன் மாமாவுக்கு ரத்த டெஸ்டு எடுங்க. அவருக்குள்ளயும் இந்தக் கொறை இருந்தா, எம்புள்ளையும் இப்படிப் பொறக்கலாம்."

"எங்க ரத்தத்தையே சந்தேகப்படுறியா? இன்னா திமிரு உனக்கு!" என்று குதித்தார் ஜெயராமன். சேரனோ தலை நிமிராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அவனை அவளுக்குப் பிடிக்கும். ஆத்திரம் இன்னும் பொங்கியது அதனால்தான்.

"உங்கம்மா சோறு போடாம கெடுத்ததுக்கு எம்புள்ள டெஸ்டு எடுக்கணுமா?" என்றாள் குஞ்சம்மாள்.

அதுவரை சுவரோடு சுவராக நின்ற அமிர்தவல்லி தட்டைத் தூக்கித் தம்பியின் கையில் வைத்தாள்.

"இருபத்தாறு வருசமா சோறு போடாதவள்னு நான் பேர் வாங்கினது போதும்டா. எம்பொண்ணும் அந்தப் பேர வாங்கணுமா? டெஸ்டு எடுத்துக்கினு வா. இல்லன்னா இந்த வாசப்படி மிதிக்காத."