திட்டித் திட்டிச் செய்த கால்

என் வீட்டுக்காரர் வலிக்கிறது என்று யாரிடமும் சொல்ல மாட்டார். ஹார்பரில் மூட்டை தூக்கிய காலத்துப் பழக்கம் அது. "இன்னா, தூக்குவியா?" என்று மேஸ்திரி கேட்டால் "ஷோக்கா தூக்குவேன்" என்றுதான் சொல்ல வேண்டும். முனகினவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. சரக்கு விழுந்து இடது கால் முட்டிக்குக் கீழே போன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டைக்கால் செய்யும் கூடத்தில் ஒரு சார் இருந்தார். முட்டிக்குக் கீழே மிஞ்சிய காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அது உட்காருவதற்கு மரத்தில் கிண்ணம் குடைவார். சாக்கெட் என்பார்கள். மாட்டிவிட்டு, "எங்கேயாவது குத்துதா?" என்பார். இவரும் மேஸ்திரி முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து, "ஷோக்கா கீது சார்" என்பார். ராயபுரம் வீட்டுக்கு வந்து கழற்றினால் உள்ளே போடும் கம்பளி உறையெல்லாம் ரத்தம். "இன்னாய்யா இது?" என்றால், "புதுச் செருப்பு கடிக்கிலியா, அத்த மாரிதான்மே." செருப்பாம், செருப்பு!

இரண்டாம் தடவை சீழ் பிடித்தபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இன்னொரு முறை இப்படி ஆனால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். இவரிடம் சொன்னேன். "ஒண்ணும் ஆவாது, உடு" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

அடுத்து அந்தக் கூடத்துக்குப் போனபோது இவர் வாயைத் திறக்கும் முன்பே, துவைக்காத உறையை எடுத்து மேஜைமேல் போட்டேன். "பொய் சொல்றாரு சார் இந்த மன்சன்" என்றேன்.

சார் கோபப்படவில்லை. "ஹார்பர்லேர்ந்து வர்றவங்க எல்லாருமே இப்படித்தாம்மா" என்றார். புண் ஆறும்வரை மாட்டக் கூடாது என்று கட்டைக்காலை வாங்கி வைத்துக்கொண்டார். ஆறியதும் புதிதாக அச்சு எடுத்து, வேறு கிண்ணம் குடைந்து மாட்டினார். எலும்பு படுகிற பக்கம் உள்ளே இடம் விட வேண்டும், பாரத்தைச் சதை தாங்க வேண்டும், அதற்கு எங்கே குத்துகிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார். இவர் மறுபடியும் நிமிர்ந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், இவருக்கு வலிக்குதுன்னு சொல்ல வராது. திட்ட நல்லா வரும்."

சார் சிரித்துவிட்டார். "அப்ப என்னைத் திட்டுங்கண்ணே. நான்தான் உங்க மேஸ்திரின்னு நெனச்சுக்குங்க."

இவருக்கு ஒரே வெட்கம். ஓரடி வைத்தார். "பேமானி" என்று முணுமுணுத்தார். சார் கழற்றி, முன்னெலும்புப் பக்கம் அரத்தால் ராவினார். அடுத்த அடிக்குச் "சோமாரி." வெளிப்பக்கம் கொஞ்சம் ராவினார். முட்டிக்குப் பின்னால் விளிம்பு அறுத்ததும் ஒரு "கஸ்மாலம்" வந்தது பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். கன்னமெல்லாம் மரத்தூளோடு சார் சிரித்துக்கொண்டே ராவினார். மேஸ்திரிக்குச் சேர வேண்டியதை எல்லாம் அந்த நல்ல மனிதர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

கடைசியில் இவர் கூடத்தின் மறுகோடி வரைக்கும் போய்த் திரும்பினார். ஒரு வசவும் வரவில்லை.

"நெஜமா சொல்லுய்யா."

"நெஜமாத்தான்மே. திட்றதுக்கு ஒண்ணும் கெடைக்கல."

சில மாதம் நடந்த பிறகு டாக்டர் காலை அமுக்கிப் பார்த்து, முட்டிக்கு இனி பயமில்லை என்றார். வெளியே வந்ததும் இவர் வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"இத்தினி நாளா பயந்துகினே இருந்தேன்மே" என்றார். "முட்டியும் பூட்ச்சுன்னா, கொயந்த மாரி உன் இடுப்புலதான் ஏறிக் குந்திக்கணுமேன்னு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "குந்திக்கினா இன்னா? எறக்கி உட்டுடுவனா?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். வைத்த கையை அங்கிருந்து எடுக்க மனம் வரவில்லை.