சீவாத தோட்டாக்கூடுகள்

அபுதாபியில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் எனக்கு வேலை. டியூட்டி முடிகிற அலுப்போடு, சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளை வாளியில் அள்ளினேன். கருகிய மருந்து வாடை அடித்ததும் கோயம்புத்தூர் வீட்டு மேசை நினைவுக்கு வந்தது.

என் அத்தை போட்டிகளில் ரிவால்வர் சுடுவாள். பழைய கூடுகளில் மருந்தும் குண்டும் வைத்து அவளுக்குத் தோட்டா செய்து தருவது அவள் அண்ணன், என் அப்பா. வாரமெல்லாம் மில் வேலை. சுட்ட கூடு நீண்டுவிடும் என்று, ஞாயிறு முழுக்க ஒவ்வொரு கூட்டின் வாயையும் ஒரே அளவாகச் சீவிக்கொண்டிருப்பார்.

“ரிவால்வரோட நேரான கூடு எத்தனை தடவை சுட்டாலும் நீளாதுங்கண்ணா. சீவோணும்னே இல்லை,” என்பாள் அத்தை.

“உன் குறி தப்பக் கூடாதில்ல,” என்பார் அப்பா.

ஒருமுறை சீவியபடியே மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். அத்தை அவரை எழுப்பாமல், மீதிக் கூடுகளைச் சீவாமலே தானே நிரப்பிப் போட்டிக்கு எடுத்துப்போனாள். கோப்பையோடு திரும்பியதும் அதைச் சொன்னாள்.

அப்பா கண்களைக் கசக்கிக்கொண்டார். “அப்ப இத்தனை ஞாயித்துக்கிழமையும்?”

அத்தை சீவும் கருவியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அப்பா மதியம்வரை தூங்கினார்.