கறுப்பு மூடி

என் அக்கா புருஷனிடம் ஏழு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்றிலும் லென்ஸைக் கழற்ற முடியாது. எல்லாம் ஃபிலிம் போட்டு எடுக்கிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர்கள். "கிட்ட தெரியணும்னா நாமதான் கிட்ட போகணும்" என்று அந்தக் குறையையே பெருமையாகச் சொல்வார். மாமாவுக்கு நடக்கப் பிடிக்கும், பேசப் பிடிக்காது. ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவது இவர் தயவில். ஆனால் கடைக்கு வருகிற யாருக்கும் இவர் முகம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய சாமான் கடைகளுக்குக் கிளம்பிவிடுவார். நான் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவன், ஃபிலிம் கழுவத் தெரிந்தவன் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஓடாத மின்விசிறிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து கிளறுவார். பளபளவென்று இருப்பதைத் தொடவே மாட்டார்.

"மினுக்குறதெல்லாம் அலமாரியில தூங்கினதுடா. ஓரத்துல பெயின்ட் தேஞ்சிருக்கு பாரு, இதுதான் வேலை செஞ்சது."

முதலில் கேமராவின் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஷட்டரைக் காதோரம் வைத்து அமுக்கிக் கேட்பார். கடைசியாகத் தெருக்கோடி விளக்குக் கம்பத்தைப் பார்ப்பார். கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னலின் நடுவே மங்கலாக ஒரு மஞ்சள் கட்டம் இருக்கும். அதற்குள் கம்பம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். சுத்தமாக ஒன்றாகிவிட்டால் மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். தங்கள் கல்யாண ஃபோட்டோவில்கூட இந்தச் சிரிப்பைக் காணோமே என்று அக்கா குத்திக்காட்டுவாள்.

இந்தக் கேமராக்களில் ஒரு வில்லங்கம் உண்டு. நாம் பார்ப்பது ஒரு ஜன்னல் வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. லென்ஸில் மூடி போட்டிருந்தாலும் பார்க்கிற நமக்கு எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். மூடி இருப்பது எதிரில் நிற்கிறவர் கண்ணுக்குத்தான் படும். மாமாவுக்கு எதிரில் நின்றது எப்போதும் அக்கா.

"என்னங்க, மூடி!"

காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். சில நாள் வேண்டுமென்றே வாயைத் திறக்காமல், தலையைச் சாய்த்து ஜோராக நின்றுவிட்டு, க்ளிக் சத்தம் கேட்டபிறகு சொல்லிச் சிரிப்பாள். மாமா அசடு வழிவார். உண்மையில் அந்த மூடியே அக்கா செய்து கொடுத்ததுதான். அவருக்கு ரொம்பப் பிடித்த கேமரா மூடியில்லாமல் வந்து சேர்ந்தது. முகத்துக்குப் பூசுகிற கிரீம் டப்பாவின் மூடி அதற்குச் சரியாகப் பொருந்துவதைக் கண்டுபிடித்து, கறுப்புப் பூசி, உள்ளே வெல்வெட் துணி ஒட்டிக் கொடுத்தாள்.

அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாமா அழுது நான் பார்க்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிட்டார். நான் போனால் கதவைத் திறந்துவிட்டுக் கேமரா துடைக்க உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் அவள் அக்காதானே, இரண்டு வார்த்தை பேசினால் என்ன?

போன மாதம், அவர்கள் இருபத்தாறு வருஷம் குடியிருந்த வீட்டை இடிக்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். காலி செய்த அன்று காலையில், சாமானெல்லாம் ஏற்றி அனுப்பியபிறகு, மாமா தனக்கு ரொம்பப் பிடித்த அந்தக் கேமராவோடு தனியாக உள்ளே போனார். முப்பத்தாறு படமும் எடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். மறுநாளே ஆட்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் ரோலை என் கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.

"பாத்துக் கழுவு. அவ முழங்கை வச்சு வச்சுத் தேஞ்சுபோன ஜன்னல் கட்டை இதுல இருக்கு. கதவுக்குப் பின்னாடி ஊக்கு மாட்டி வைப்பாளே, அந்த ஆணி இருக்கு."

அவர் அவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம். அன்று மத்தியானமே கழுவினேன். தொட்டியிலிருந்து வெளியே எடுத்தால் ஃபிலிம் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. மருந்தில் கோளாறு என்று நினைத்தேன், அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கம்பெனியிலேயே பதித்து அனுப்புகிற ஓரத்து எண்கள் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை கறுப்பாக, ஒழுங்காக விழுந்திருந்தன. மருந்து கெட்டிருந்தால் அவையும் விழுந்திருக்காது; மருந்தின் மேல் பழியில்லை. முப்பத்தாறு தடவையும் மூடி போட்டே இருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவருடைய புது இடம் ஒற்றை அறை. பாதிப் பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. போகிற வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"மாமா, நான்தான் கெடுத்துட்டேன். மருந்து பழசு, கவனிக்கல."

அவர் ஃபிலிமை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கடையில் லென்ஸ் கீறல் பார்ப்பதைப் போலவே நிதானமாக, ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பார்த்தார்.

"நம்பரெல்லாம் நல்லா விழுந்திருக்கே" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"எதிர்ல ஆள் இல்லப்பா" என்றார். என்னைச் சமாதானம் செய்கிற குரலில் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஃபிலிமைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, கேமராவைக் கையில் எடுத்தார். "அந்தச் சுவரோரமாப் போய் நில்லு."

நின்றேன். அவர் ஒரு கண்ணை மூடி, வளையத்தை மெதுவாகத் திருகினார். லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் அக்காவின் கறுப்பு மூடி. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒருமுறைகூட வேலை வந்ததில்லை.

"மாமா, மூடி."

அவர் கேமராவை இறக்கவில்லை. மூடியைக் கழற்றவும் இல்லை. கேமராவின் ஜன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன்.