மாமனார் பெயரில் வந்த தண்ணீர்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். எல்லையில் சண்டை என்று டிவியில் ஓடியது சில நாட்கள்தான். ஆனால் அதில் ரத்தான அவருடைய லீவு அந்த வருடம் முழுக்கத் திரும்பக் கிடைக்கவில்லை. சண்டை நடந்த நாட்களில் இறந்தவர்களின் பெயரை வாசிக்கும்போதெல்லாம் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்பேன். உட்கார முடியாது.

அரிமளம் பக்கம் எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாய் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்கு அரைநாள் தண்ணீர், அதுவும் கடைசி முறை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். அது தவறினால் எல்லாம் பதர்தான்.

மடையைத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சி முறைச்சீட்டை வாசித்தார். எங்கள் வீட்டுக்கு வாசித்தது என் மாமனார் பெயர். அவர் இறந்து நாலு வருடம். வேறு யாரும் இல்லாததால் நான் எழுந்து நின்றேன்.

"அவரு எப்படிண்ணே வந்து தண்ணி பாய்ச்சுவாரு?"

"வீட்டுல ஆம்பளை இல்லையே தாயி. பொம்பளை பேரு எழுதுற வழக்கமில்லை. ஒன் கொழுந்தனப் பாய்ச்சச் சொல்லு."

கொழுந்தன் போன முறை தன் வயலை நிரப்பிவிட்டுத்தான் என் பக்கம் திருப்பினார். பாதி வயல் நனையவே இல்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் நாட்டைக் காக்கப் போகலாம், நான் ஒரு ஏக்கரைக் காக்கக்கூடாதாக்கும்.

மண்வெட்டியோடு நானே போனேன். மடையில் கருப்பர் இருக்கிறார், பெண்கள் ஏறக்கூடாது என்றார்கள். நான் ஏறவில்லை, வாய்க்காலில் இறங்கினேன். வாய்க்காலுக்கு எந்தச் சாமியும் இல்லை. நண்டு வளை வழியாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்ணைப் போட்டு மிதித்து அடைத்தேன். கடைசி மூலை வரை நனைந்தபோது உடம்பெல்லாம் சேறு, மனசெல்லாம் சந்தோஷம்.

நெல் விளைந்தது. மறுவருடம் நீர்ப்பாய்ச்சி யாரையும் கேட்காமல் சீட்டில் என் பெயரை எழுதிவிட்டார். அதை வாசித்த அன்று வீட்டுக்காரரும் லீவில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் வந்துட்டேன்லண்ணே. எம்பேரையே எழுதிக்கங்க" என்றார். என் பாரத்தை இறக்குவதாக நினைப்பு. கெட்ட மனிதர் இல்லை.

நீர்ப்பாய்ச்சி பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வேணாங்க" என்றேன். "வராத ஆளு பேரை வாசிச்சு, நான் ஏந்திரிச்சு நின்னது ஒருதடவை போதும். ஒங்க பேருக்கு நான் அப்படி நிக்க மாட்டேன்."

அவர் நீர்ப்பாய்ச்சி பக்கம் திரும்பினார்.

"அவ பேரே இருக்கட்டும்ணே" என்றார்.

நீர்ப்பாய்ச்சி பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அடுத்த பெயரை வாசித்தார்.